கடைசிப் பக்கத்துக்கு ஆள் தேவை

சிற்றிதழ் நடத்துவது என்பது, எழுதுகிறவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, அவர்கள் எழுதியதை அச்சாக்கி, முடிவில் அவர்களிடமே வசவு வாங்கிக்கொள்கிற தொழில். இந்தத் தொழிலில் இருந்தவர்கள், இன்னும் இருக்கிறவர்கள், இனிமேல் இறங்கலாமா என்று கை துறுதுறுக்கிறவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் சங்கரன்கோவிலில் ‘நிழற்குடை’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்து, எண்பதுகள் தொடங்கிக் கொஞ்ச காலம் வரை நடத்தினோம். அச்சகத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை கிடையாது. பத்திரிகையாவது இருக்கட்டும் என்று அந்தப் பெயரை வைத்தோம். நடத்தினோம் என்றால் நானும் கோமதிநாயகமும். நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. கோமதிநாயகத்துக்குத் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ் இவற்றுக்கு நடுவில் எங்கள் இதழும் ஓடும். எழுத்துக் கோப்பது அவர், மிஷினை மிதிப்பது அவர், புத்தக மதிப்புரை எழுதுவதும் அவர். சாமி, சகுனம், ராகுகாலம் எதையும் நம்பாத மனிதர். வேண்டுமென்றே ராகுகாலம் பார்த்துத்தான் மிஷினுக்கு எண்ணெய் விடுவார். நான் பாதி நம்பிக்கைக்காரன். கோவிலுக்குப் போவேன், போனதை அவரிடம் சொல்ல மாட்டேன்.

இங்கே சொல்லப்போவது எல்லாம் அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் பற்றியது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஏன் நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதுகுப் பக்கத்துக்கு அடிபிடி

எங்கள் பத்திரிகைக்கு அட்டை என்று தனியாகக் கிடையாது. தாள்களை அடுக்கி ஓரத்தில் பின் அடித்துவிட்டால் பத்திரிகை தயார். முதல் பக்கத்தில் பெயரும் உள்ளே யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்பதும் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கவிதை, அதைச் சுற்றிக் கறுப்பில் ஒரு கட்டம், அடியில் கவிஞர் பெயர். டீக்கடையில் யாராவது பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால் கண்ணில் படுவது அந்தக் கவிதைதான். ஆகவே நம் கவிஞர்களுக்கெல்லாம் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு கண்.

உள்ளே நடுப்பக்கத்தில் போட்டுவிட்டேன் என்பதற்காக ஒருவர் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போவார். இன்னொருவர் தன் கவிதையை அவரே கட்டம் போட்டு எழுதி அனுப்புவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வெண்பா எழுதுகிறவர், தாலுகா ஆபீஸுக்கே குடையோடு வந்துவிட்டார். பட்டா மாற்ற வந்தவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் என் மேஜையில் வெண்பாவை வைத்தார். உள்ளே நல்ல இடமாகப் பார்த்துப் போடுகிறேன் ஐயா என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சொன்னார்: “உள்ள போட்டா என்னைத் தேடணும் தம்பி. கடைசிப் பக்கத்துல போட்டுட்டா நானே எதுக்க வந்து நிப்பேன்லா?”

திரும்பி வந்த பிரதிகள்

தலைமையாசிரியரின் வெண்பா கடைசிப் பக்கத்தில் வந்தது. அடுத்த இதழ் அச்சேறுவதற்குள் அவர் காலமாகிவிட்டார். வயதானவர், மாலை போட்டுவிட்டு வந்தோம். எங்களுக்கு எழுதுகிறவர்களுக்கு இதழ் தவறாமல் போகும். பழக்கத்தில் அவர் முகவரிக்கும் அனுப்பிவிட்டோம். தபால்காரர் ‘காலமாகிவிட்டார்’ என்று மேலே எழுதித் திருப்பிக் கொண்டுவந்தார். அடுத்த இதழின் கட்டத்தில் ஊரிலேயே தறி நெய்துகொண்டிருந்த ஒரு கவிஞர். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்கும் அடுத்தது ஒரு பஸ் கண்டக்டர். டிக்கெட்டின் பின்புறத்தில் கவிதை எழுதுகிறவர். ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து விழுந்தார். அவர்கள் பிரதிகளும் அதே வார்த்தையோடு திரும்பி வந்தன. கோமதிநாயகம் அவற்றை மசி டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒன்றும் தோன்றவில்லை.

கண்டுபிடித்தவர் கடையநல்லூர் காஜா முகைதீன். ஜவுளி வியாபாரி, எங்களுக்குத் தொடர்ந்து எழுதுகிறவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பஸ் ஏறி வந்தால் சாயங்காலம் வரை அச்சகத்தில்தான் இருப்பார். அன்றைக்குப் பழைய இதழ்களை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர், கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். அந்தந்தப் பெயருக்கு நேரே திரும்பி வந்த பிரதியை வைத்தார். தலைமையாசிரியர் தொடங்கிக் கட்டத்தில் பெயர் வந்தவர் ஒருவரும் அடுத்த இதழைப் பார்க்கவில்லை.

கோமதிநாயகம் சிரித்தார். “நான் அடிக்கிற கருமாதிப் பத்திரிகையில பேரு வந்தவரும்தான் அடுத்த இதழைப் பாக்கல. அதுக்கும் என் மிஷினைத்தான் குத்தம் சொல்லுவீரா?” என்றார். காஜா முகைதீன் சிரிக்கவில்லை. இதழ்களைத் திருப்பி அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அவங்க மவுத்தான பொறவு நீங்க அடிச்சீங்க. இவங்க நீங்க அடிச்ச பொறவுல்லா மவுத்தாயிருக்காங்க.”

நீண்ட கவிதைகளின் பொற்காலம்

எழுத்தாளர்கள் வட்டாரத்தில் ஒரு நல்ல கவிதை பரவ வருஷக்கணக்காகும். இந்தச் செய்தி ஒரு வாரத்தில் ராஜபாளையம் தாண்டிவிட்டது. அதன் பிறகு எங்களுக்கு வந்த கவிதைகள் எல்லாம் நீண்டுவிட்டன. நாலு வரிக்கு மேல் எழுதினால் கவிதை செத்துவிடும் என்று கொள்கை வைத்திருந்தவர்கூடப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். கட்டத்துக்குள் அடங்கக் கூடாது என்பதுதான் விஷயம். பின்னாளில் ஒரு ஆராய்ச்சியாளர், அந்தக் காலத்தில் தென்பகுதிக் கவிஞர்களிடம் நெடுங்கவிதை மனோபாவம் ஏற்பட்டது என்று கட்டுரை வாசித்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒருவர் கவிதையோடு நம் கோவில் புற்றுமண்ணை ஒரு பொட்டலத்தில் மடித்து அனுப்பியிருந்தார். தேள், பாம்பு, தோல் வியாதி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் அதுதானே மருந்து. அச்சடிக்கும் முன் மிஷினில் தடவிவிடச் சொல்லி எழுதியிருந்தார். கோமதிநாயகம் அந்த மண்ணை என் நெற்றியில் பூசிவிட்டு வேலையைப் பார்த்தார். இன்னொரு இளம் கவிஞர் நேரிலேயே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மிஷினுக்குக் கிட்டேகூட வராமல் வாசற்படியில் நின்றபடி கவிதையை நீட்டினார். முதுகுப் பக்கமாக வேட்டியைப் பிடித்து யாரோ இழுக்கிறது மாதிரி ஒரு நிற்பு. “எந்தப் பக்கத்துல வேணும்னாலும் போடுங்க அண்ணாச்சி, போடாமக்கூட இருங்க. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம், வீட்டுல பொண்ணு பாத்து வச்சிருக்காவ.”

எதிரிக்கு ஒரு சிபாரிசு

தாலுகா ஆபீஸில் சிபாரிசுகள் எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. எங்கள் இதழில் விமரிசனம் எழுதுகிற பேராசிரியர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, கையில் ஒரு கவர். அதற்குள் ஒரு கவிதை இருந்தது. அவருடையதல்ல. அவரோடு பல வருஷமாகச் சண்டை போட்டுவந்த ஒரு கவிஞருடையது. வேறொரு பத்திரிகையில் எப்போதோ வந்ததைத் தன் கையாலேயே அழகாகப் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

அந்தக் கவிதையை ஒரு அரைமணி நேரம் புகழ்ந்தார். உவமை, ஓசை, சொற்சிக்கனம் எதையும் விடவில்லை. இதை நீங்கள் மறுபிரசுரம் செய்ய வேண்டும், கடைசிப் பக்கத்தில், கட்டம் போட்டு என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. என் மனைவி கொண்டுவந்து வைத்த காபியை அவர் நிதானமாக ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். சார், நீங்களுமா அதை நம்புகிறீர்கள் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்: “சேச்சே, நான் நம்பல. ஆனா போட்டுப் பாக்குறதுல நமக்கு என்ன நஷ்டம்?”

கேட்டு வாங்கிய பக்கம்

பனவடலிசத்திரத்தில் எங்களுக்குக் கதை எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். தொண்டையில் வியாதி. கட்டிலில் விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. வரச்சொல்லி ஆள் அனுப்பினார், நானும் கோமதிநாயகமும் போனோம். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கவிஞர்களைக் கேலி செய்தவர், முதன்முதலாக ஒரு கவிதை எழுதியிருந்தார். கட்டத்துக்குச் சரியாக அடங்குகிற அளவு. எதற்காக என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த வலியைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதிநாயகம் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

இதழ் வந்தபோது அந்தக் கவிதை கடைசிப் பக்கத்தில் இல்லை. உள்ளே ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தது. அங்கே இருக்க வேண்டிய டீத்தூள் கடை விளம்பரம் கட்டத்துக்குள் வந்துவிட்டது. என்ன வே இது என்றேன். கை தவறிவிட்டது என்றார் கோமதிநாயகம். இத்தனை வருஷத்தில் அந்தக் கை தவறி நான் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் டீத்தூள் கடை அண்ணன் தம்பிகளுக்குள் அடிதடியாகி, கடைக்குப் பூட்டு விழுந்தது. அது அப்புறம் திறக்கவே இல்லை.

அடுத்த இதழை நாங்களே பனவடலிசத்திரத்துக்குக் கொண்டுபோனோம். மனிதர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் கடுகடுவென்றாகிவிட்டது. கடை மூடின கதையைச் சொன்னேன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, மூச்சைத் திரட்டிச் சொன்னார்: “நல்லா வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்தவன் கடை போச்சு, நான் கெடக்கேன். ஒரு பக்கத்தை ஒழுங்காப் போடத் தெரியாத உங்களுக்கு எதுக்குவே பத்திரிகை?”

தபசுக்கு வந்த ஆள்

டீத்தூள் கடைக்குப் பிறகு விளம்பரக்காரர்களும் கடைசிப் பக்கம் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு இதழில் வெறும் கட்டம் மட்டும் அடித்துவிட்டோம், உள்ளே ஒன்றும் இல்லை. அது இன்னும் மோசமாகப் போயிற்று. எழுத்து இருந்தால் படிக்கலாம். காலியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்தால் யாருக்கோ போட்டு வைத்த இலை மாதிரி இருந்தது. என் மனைவி அந்த இதழை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை.

அப்போதுதான் குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரிடமிருந்து கவிதை வந்தது. பெயர் ராஜேஸ்வரி. அதற்கு முன் எங்களுக்கு எழுதியதில்லை. முடிந்தால் பின்பக்கத்தில் கட்டத்துக்குள் போடுங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். கிணற்றைப் பற்றிய கவிதை. ‘வாளி இறங்கிக்கொண்டே இருக்கிறது, கயிறும் தீரவில்லை, தண்ணீரின் சத்தமும் கேட்கவில்லை’ என்று முடியும். எனக்கு அது இன்னும் மனப்பாடம். கோமதிநாயகம் படித்துவிட்டுத் துள்ளினார். “கேட்டு வாங்குறதுக்கு ஆளு வந்துட்டு வே. நம்ம எழுத்துக்காரங்க பிடிச்சு வச்சிருக்க பேயை இந்தக் கவிதையை வச்சு ஓட்டுதேன் பாரும்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கவிதை நன்றாக இருந்தது. பத்திரிகைக்காரன் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

ஆடித் தபசுத் திருவிழா சமயத்து இதழ். பின் அடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கியாகிவிட்டது, மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. தபசுக் கூட்டத்தில் தெருவே கொள்ளவில்லை. மத்தியானம் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் அச்சகத்துக்குள் வந்தார். கரிசல் மண் ஒட்டின கால், தோளில் துண்டு. ராஜேஸ்வரி டீச்சரின் வீட்டுக்காரர். இன்னொரு ஆசிரியை சொல்லி விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. “அண்ணாச்சி, எனக்குக் கவிதையெல்லாம் தெரியாது. அவ மாசமா இருக்கா, இது எட்டாவது மாசம். இதுக்கு முந்தி ரெண்டு தங்கல. அவட்ட சொன்னா சிரிக்கா. நான் இங்கன வந்ததே அவளுக்குத் தெரியாது” என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் இரும்பு அடிமட்டத்தை எடுத்தார். ஒரு பிரதியை வைத்து, பின் அடித்த ஓரத்தில் அடிமட்டத்தை அழுத்திக் கடைசித் தாளைக் கிழித்தார். கிழித்த பிரதியைத் திருப்பிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். நான் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்க, அவர் கிழிக்க, அந்த மனிதர் ஒரு தாள்கூடச் சிந்தாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டார். வெளியே மேளமும் அதிர்வேட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன, உள்ளே நாங்கள் மூன்று பேரும் ஏதோ திருட்டு வேலை செய்கிறவர்கள் மாதிரி மூச்சுவிடாமல் வேலை செய்தோம். கடைசிக் கட்டு முடிந்ததும் டீச்சரின் வீட்டுக்காரர் சாக்கை அச்சகத்தின் பின்கட்டில் வைத்துக் கொளுத்தினார். நெருப்பு அணைந்து சாம்பலைக் கிளறிப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார். “இனி அவ பேரு எங்கயும் கடைசியில இல்லைல்லா அண்ணாச்சி?”

கிழிந்த பக்கம் யாருடையது?

தாள் கிழிந்த இதழைத் தபாலில் போட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் என்னை மறித்து விசாரித்தவர்கள் அத்தனை பேர். எழுதி அனுப்பி, நாங்கள் வேண்டாம் என்று திருப்பிய கவிதைக்காரர்கள்கூடக் கிழிந்த பக்கத்தில் இருந்தது தங்கள் கவிதைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பை முழுக்கச் சோதித்துக்கொண்டு வந்தார். பொண்ணு பார்த்திருந்த அந்த இளம் கவிஞர் கல்யாணத்தையே தள்ளிப்போட்டுவிட்டார். அந்தத் தாளின் உட்பக்கத்தில் விளம்பரம் கொடுத்திருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்தான் வாயாரச் சபித்தார். அவர் கவிதை எழுதாதவர், நிம்மதியான மனிதர்.

ராஜேஸ்வரி டீச்சருக்குச் சுகப்பிரசவம் ஆகிவிட்டது என்று அவர் வீட்டுக்காரரே வந்து சொன்னார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லும்போது அழுதுவிட்டார். கோமதிநாயகம் அவர் கொண்டுவந்த லாலாக்கடைப் பொட்டலத்திலிருந்து இரண்டு லட்டைச் சேர்ந்தாற்போல் வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. இனி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்றிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காஜா முகைதீன் வந்தார். கோமதிநாயகம் எதிர்க்கடைக்கு டீ சொல்லப் போயிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பிள்ளை பிழைத்ததற்கு அல்லாவுக்கு நன்றி சொன்னார். மேஜையில் கிடந்த தபசு இதழைக் கையில் எடுத்து வழக்கம்போலக் கவிழ்த்து வைத்தார். கிழித்த தாளுக்கு முந்தின தாளின் பின்புறம் மேலே தெரிந்தது. அது ஒரு புத்தக மதிப்புரை முடிகிற பக்கம். அடியில் தடித்த எழுத்தில் கோமதிநாயகம் என்று பெயர். காஜா முகைதீன் தன் கையை அந்தப் பெயரின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார். தெருவில் கோமதிநாயகம் டீக்கடைக்காரரோடு சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. “அண்ணாச்சி, இப்ப கடைசிப் பக்கம் இதுதானே?”

மதிப்புரை எழுதியவர்

அவரிடம் நாங்கள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், அந்தச் சிரிப்பைக் கேட்கிற தைரியம் எனக்கில்லை. அடுத்த இதழை எப்படியாவது சீக்கிரம் கொண்டுவந்துவிட வேண்டும் என்று துடித்தேன். அடுத்த இதழ் வந்து, அதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் அல்லவா? ஆபீஸ் முடிந்ததும் ஓடுவேன். தெரிந்தவர்களிடம் எல்லாம் கவிதை கேட்டேன், கதை கேட்டேன், கிழிந்த இதழைப் பார்த்த பிறகு ஒருவரும் ஒரு வரி தரவில்லை. பக்கங்களை நானே எழுதி நிரப்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் எழுதியதில்லை. என்ன வே இப்படி அவசரப்படுதீரு, யாரு படிக்கக் காத்துக்கிட்டிருக்கா என்று கேலி செய்துகொண்டே அவர் எழுத்துக் கோத்தார். பாதி வரை கோத்தார். மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். டாக்டர் காரணங்கள் சொன்னார். மசியும் ஈயமும் பீடியும் என்று நல்ல காரணங்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். நான்காம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். பாதி கோத்த இதழ் அச்சகத்தில் அப்படியே கிடந்தது, அதை நான் முடிக்கவில்லை. ஆகவே அவர் அடுத்த இதழைப் பார்க்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. அவரைப்போல ஒரு சிநேகிதர் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. அதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன், அவர் இருந்தபோது சொன்னதில்லை.

அவர் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் நன்றாகத்தான் பேசினார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்திக்கொண்டிருந்தது. சகுனம் பார்த்துச் சொல்லும் என்று என்னைச் சீண்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன். தபசு இதழைக் கிழிக்கும்போது முன்தாளின் பின்புறம் உம் பேரு இருந்ததை நீர் கவனிக்கவே இல்லையா என்றேன். அவர் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தார். நான் எதையும் நம்பவில்லை, ஆனால் அந்த ஆள் நம்பினாரே, அவர் முகத்தைப் பார்த்தீர்தானே என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மதிப்புரையில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: “மொதப் பிரதியிலேயே பாத்துட்டேன் வே. பாத்துட்டுத்தான் மிச்சத்தைக் கிழிச்சேன்.”

‘நிழற்குடை’ ஏன் நின்றுபோனது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் தாள் விலை ஏறிவிட்டது என்று நான் சொல்லிவருகிறேன், சிற்றிதழ்க்காரன் சொல்கிற காரணம் என்பதால் ஒருவரும் இதுவரை மறுபேச்சுப் பேசவில்லை.